மரக்கட்டை போல விறைத்த சேணத் தோல் மறுபடி வளையுமா?

கேள்வி: பல வருடங்களாக மூலையில் கிடந்த சேணமும் கடிவாள வார்களும் கட்டையாக விறைத்துவிட்டன. எண்ணெயில் ஊறப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஊற மட்டும் போடாதீர்கள். தோல் என்பது நார்ப் பின்னல். பதனிடும்போது ஏற்றிய கொழுப்பு இருக்கும்வரை நார்கள் வழுக்கி நகரும், அது போனதும் ஒட்டிக்கொண்டு விறைக்கும். போனதைத் திரும்பக் கொடுக்கலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அளவு மீறினால் தோல் தொளதொளத்து நீண்டுவிடும், தையல் நூலும் இற்றுப்போகும்.

முதலில் விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் கையில் ஒட்டினால் தோலே சிதைந்துவிட்டது. எந்த எண்ணெயும் அதை மீட்காது, சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

தூள் வரவில்லையா? சரி, பக்கிள்களைக் கழற்றுங்கள். வளைய மறுக்கும் இடத்தில் வம்பு செய்யாதீர்கள், அங்கேதான் ஒடியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சில் கிளிசரின் சோப்பைத் தடவித் துடையுங்கள். குதிரையின் வியர்வையும் அழுக்கும் சேர்ந்து கருப்புப் பொருக்காக அப்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், கத்தி வேண்டாம். சுடுதண்ணீரும் வேண்டவே வேண்டாம். ஈரத்தோல் சூடு பட்டுச் சுருங்கினால் சுருங்கியதுதான்.

நிழலில் உலர்த்துங்கள். முழுதும் காயும் முன், லேசான ஈரம் இருக்கும்போதே எண்ணெய் போட வேண்டும். மாட்டின் கால் எலும்பிலிருந்தும் பாதத்திலிருந்தும் (குளம்பிலிருந்து அல்ல) எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் என் தேர்வு, கலப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகிவிடும் என்பதால் ஆகாது. எஞ்சின் ஆயிலை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்! நிறம் கருக்கும் என்பதால், மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

சொரசொரப்பான உட்புறம்தான் எண்ணெயை நன்றாகக் குடிக்கும். துணியால் மெல்லிய பூச்சு, ஒரு நாள் ஓய்வு, கையால் மெதுவாக வளைத்தல், அப்புறம் அடுத்த பூச்சு. பெரும்பாலும் 3 அல்லது 4 முறை போதும். பிசுபிசுத்தால் நிறுத்திவிடுங்கள்.

வளைய ஆரம்பித்ததும்தான் உண்மையான பரிசோதனை. வழவழப்பான பக்கம் வெளியே தெரியும்படி வாரை விரலில் சுற்றிப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை கோடுகள் என்றால் பயமில்லை. விரிசலுக்குள் நார் தெரிந்தால், அது வயிற்று வாராகவோ கால் வைக்கும் அங்கவடியின் வாராகவோ கடிவாள வாராகவோ இருந்தால், தூக்கிப் போட்டுவிடுங்கள். உங்கள் உயிர் தொங்குவது அதில்தான். பக்கிள் மடிப்பையும் துளைகளைச் சுற்றியும் இரண்டு முறை பாருங்கள். சேணத்தின் உள்சட்டம் கை அழுத்தத்துக்கே கிறீச்சிட்டு அசைந்தாலும் அதில் ஏறாதீர்கள்.

தோல் நன்றாக இருந்து நூல் மட்டும் போயிருந்தால், தோல் தைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதுத் துளை போடாமல் பழைய துளைகள் வழியாகவே தைக்கச் சொல்லுங்கள்.