100 பேருக்கு ஏழு கறி வேண்டாம்

குடிபுகுதலுக்கு ஏழு கறி வைக்கலாமா, போன முறை பருப்பு ஏன் புளித்தது என்று கேட்டிருந்தீர்கள். நாலு போதும்: கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய், வெங்காயச் சம்பல். கிளிநொச்சியில் குடிபுகுதல், 100 பேர், சமைக்க மூன்றே பேர் என்றால் அதற்கு மேல் கை ஓடாது.

போன முறை பருப்பு மத்தியானத்துக்குள் புளித்தது தேங்காய்ப்பாலால்தான் இருக்கும். சுடச்சுடக் கிடாரத்தை மூடினால் மூடி வேர்த்து உள்ளே சொட்டும். வன்னி வெயிலுக்கு அது தாங்காது. வெறும் தண்ணீரில் அவித்து வையுங்கள். பந்திக்குச் சற்று முன் முதற்பால் விட்டு, ஒரு கொதியில் இறக்குங்கள்.

அரிசி 13 கிலோ. முதல்நாள் ஒரு கிலோ ஆக்கிப் பாருங்கள். எட்டுப் பேருக்குக் காணாவிட்டால் கூட்டுங்கள்.

வெங்காயம் இரவே வெட்டலாம். கோழியை மட்டும் இரவில் சமைத்து வெளியில் வைக்காதீர்கள், விடியவே அடுப்பேற்றுங்கள்.