வாசகர் கேள்வி பதில்: சதுரங்கக் குத்துச்சண்டை

கேள்வி: சதுரங்கத்தையும் குத்துச்சண்டையையும் மாற்றி மாற்றி ஆடும் போட்டி ஒன்றைக் கைபேசியில் பார்த்தேன். நெடுங்காலமாகச் சிலம்பம் கற்றுக்கொடுத்துவரும் எனக்கு அது கூட்டம் சேர்க்கும் வித்தையாகவே படுகிறது. தங்கள் கருத்து என்ன?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அப்படித் தோன்றியதில் வியப்பில்லை, ஐயா. பிரெஞ்சுச் சித்திரக்கதைக் கலைஞர் என்கி பிலால் 1992இல் ஒரு கதையில் கற்பனையாக வரைந்த ஆட்டத்தை, நெதர்லாந்துக் கலைஞர் ஈப்பே ரூபிங் 2003இல் மேடையேற்றினார். அவ்வாண்டே ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் தாமே இறங்கி வென்றும் காட்டினார். எதிராளி தோற்றது குத்து வாங்கி விழுந்ததால் அன்று. சதுரங்கக் கடிகாரத்தில் அவருக்குரிய நேரம் தீர்ந்துபோனதால்.

மொத்தம் 11 சுற்றுகள். சதுரங்கத்தில் தொடங்கிச் சதுரங்கத்திலேயே முடியும். 6 சுற்று பலகை, இடையே 5 சுற்று குத்துச்சண்டை, ஒவ்வொன்றும் 3 நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. செக்மேட் ஆனாலும், எதிராளி எழ முடியாமல் வீழ்ந்தாலும் அந்தக் கணமே ஆட்டம் முடிந்தது. பலகையில் சமன் என்றால் குத்துச்சண்டைப் புள்ளிகளைப் பார்ப்பார்கள். அதுவும் சமமானால் கறுப்புக் காய் ஆடியவருக்கே வெற்றி.

ஆகவே பலகையில் பின்தங்கியவர், தோல்வி நெருங்குமுன் மணி அடித்துவிடாதா என்று நேரத்தைக் கடத்தப் பார்ப்பார். அப்படி வேண்டுமென்றே இழுத்தடித்தால் நடுவர் எச்சரிப்பார். பலகையில் வலுத்தவரோ, அடுத்த குத்துச்சண்டைச் சுற்றில் அடிபடாமல் விலகி நின்றாலே போதும் என்று கணக்குப் போடுவார். உண்மையான சோதனை அந்த ஒரு நிமிட ஓய்வில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் கம்புச் சண்டை முடித்து வந்த ஒரு பையனிடம் செஸ் பலகையை நீட்டியிருக்கிறேன். குதிரையைத் தூக்கிய அவன் விரல்கள் நடுங்கின; பக்கத்துக் கட்டத்தில் இருந்த சிப்பாய் சரிந்தது; எளிதில் கண்டிருக்க வேண்டிய முற்றுகையை அவன் காணவில்லை. மூச்சு அடங்காமல் அறிவு தெளியாது என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். மூச்சை அடக்கும் அந்தப் பயிற்சிக்காகவே இதனை நான் மதிக்கிறேன்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் நன்றாகச் செஸ் ஆடுவான். இந்த விளையாட்டில் சேர அனுமதி கேட்கிறான். தலையில் குத்து விழுமே என்று அஞ்சுகிறேன். அனுப்பலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தலையில் விழும் குத்தைப் பற்றித் தாங்கள் அஞ்சுவது நியாயமே, அம்மா. மூளையை நம்பி ஆடும் ஆட்டத்தில் மூளைக்கே அடி விழுவது இதிலுள்ள பெரிய முரண். அதை நான் மறைக்க விரும்பவில்லை. மருத்துவர் பரிசோதனையும் முறையான பயிற்சியாளரும் இல்லாமல் மேடை ஏற விடாதீர்கள். அதுவரை, 3 நிமிடம் மணல் மூட்டையைக் குத்திவிட்டு, கையுறையைக் கழற்றி, உடனே பலகை முன் அமர்ந்து 3 நிமிடம் ஆடட்டும். எதிரே தாங்களே அமர்ந்து காய் நகர்த்தினால், அவன் எந்தச் சுற்றில் தடுமாறுகிறான் என்பதை நேரில் காணலாம்.