கன்வெர்ட்டிபிள் வாங்குகிறேன்: முன்சக்கரமா, பின்சக்கரமா, நான்குமா?

கேள்வி: பயன்படுத்திய கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையைத் திறக்கக்கூடிய கார் ஒன்று வாங்க நினைக்கிறேன். மூன்று கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நான்கு பேர் உட்காரும் ஃப்ரண்ட் வீல் டிரைவ் (இன்ஜின் முன்சக்கரங்களை ஓட்டும்). இன்னொன்று ரியர் வீல் டிரைவ் (பின்சக்கரங்களை ஓட்டும்), இரண்டே இருக்கை. மூன்றாவது ஆல் வீல் டிரைவ் (நான்கையும் ஓட்டும்), மூன்றில் இதற்குத்தான் விலை அதிகம். நான் ஓட்டும் சாலைகளில் மேடும் வளைவும் அதிகம், மழையும் உண்டு, பனி கிடையாது. "மழைக்கு ஆல் வீல்தான் பாதுகாப்பு, ரியர் வீல் வழுக்கிவிடும்" என்கிறார் விற்பவர். அன்றாட வேலைக்கு வீட்டில் வேறு கார் இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: விற்பவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதுதான் கேள்வி.

ஆல் வீல் டிரைவ் எப்போது கைகொடுக்கும்? பனி, சேறு, ஈரமான செங்குத்து மேடு, இன்ஜின் சக்தி மிக அதிகமாக இருக்கும் கார். இதில் முதல் இரண்டிலும் நீங்கள் கூரையைத் திறந்து வைத்திருக்கப் போவதில்லை. நீங்கள் கூடுதல் பணம் கொடுப்பது கூரை திறந்திருக்கும் நேரத்துக்காக. அந்த நேரத்தில் எந்த அமைப்பு உங்களுக்கு உதவுகிறது என்று யோசித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மழை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போவதால் கார் வழுக்காமல் கிளம்பும், வேகமெடுக்கும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. ஈரச் சாலையில் கார் எத்தனை மீட்டரில் நிற்கும், வளைவில் எந்த வேகம் வரை தாங்கும் என்பதையெல்லாம் முதலில் தீர்மானிப்பது டயர். பல நாடுகளில் டயர் பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே தண்ணீரை விலக்கும் திறன் நன்றாகக் குறைந்துவிடும். தேய்ந்த டயரோடு வரும் ஆல் வீல் காரைவிட நல்ல டயர் போட்ட ரியர் வீல் கார் மழையில் பாதுகாப்பானது.

ரியர் வீல் வழுக்கும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றால், பழைய கார்களிலிருந்து. வளைவில் அவசரப்பட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் வெளியே போகும். ஃப்ரண்ட் வீல் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். இரண்டாவதைச் சமாளிப்பது எளிது, காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதலாவதற்குப் பழக்கம் வேண்டும். 1995-இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமான ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இந்த வித்தியாசத்தைப் பெருமளவு குறைத்துவிட்டது. கார் வழுக்கத் தொடங்கியதுமே அது தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து, இன்ஜின் சக்தியையும் குறைத்துவிடும். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயம். நீங்கள் பார்த்த ரியர் வீல் கார் அந்த நாடுகளில் அதற்குப் பிறகு விற்றது என்றால் பயத்தை விடுங்கள். முந்தையது என்றாலோ, வேறு நாட்டில் விற்றது என்றாலோ அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், முதல் கன்வெர்ட்டிபிளாக அதை நான் சொல்லமாட்டேன்.

சரி, ரியர் வீலில் அப்படி என்ன கிடைக்கிறது? பந்தயத்தில் பேசும் விஷயமெல்லாம் இங்கே வேண்டாம். ஃப்ரண்ட் வீல் காரில் முன்சக்கரங்களுக்கு இரண்டு வேலை: காரை இழுக்க வேண்டும், திருப்பவும் வேண்டும். ரியர் வீலில் திருப்பும் வேலை மட்டும்தான். அதனால் ஸ்டீயரிங் இலகுவாக, தெளிவாக இருக்கும். இதை உணர வேகமாகப் போக வேண்டியதே இல்லை, மணிக்கு 50 கிலோமீட்டரில் ஒரு வளைவு போதும். கூரை திறந்திருக்கும்போது காற்றும் சத்தமும் சேர்ந்து 60-ஐ 80 போலக் காட்டும். டயர் பிடிப்பு விடும் எல்லை வரை யாரும் போவதில்லை. ஆகவே எல்லையில் மட்டும் உதவும் ஆல் வீலைவிட, எப்போதும் கையில் தெரியும் இந்தச் சுகம்தான் திறந்த காருக்குப் பொருத்தம். மேட்டிலும் இது நல்லது: ஏறும்போது காரின் எடை பின்னால் சாய்கிறது, பின்சக்கரத்துக்குப் பிடிப்பு கூடுகிறது. ஃப்ரண்ட் வீலில் நேர் எதிர். ஈரமான மேட்டு வளைவில் முன்சக்கரம் சுழன்று 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அதற்கு இதுதான் காரணம்.

1989-இல் நடந்த ஒன்று இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டு இரண்டு சிறிய ஓப்பன் கார்கள் வெளிவந்தன. மாஸ்டா எம்எக்ஸ்-5 ரியர் வீல். லோட்டஸ் ஈலான், இசுசு இன்ஜினோடு, ஃப்ரண்ட் வீல். ஈலானின் சாலைப்பிடிப்பை ஓட்டிப் பார்த்தவர்கள் மெச்சினார்கள், வளைவில் அது உண்மையிலேயே வேகமான கார். ஆனால் லோட்டஸ் தயாரித்தது சில ஆயிரங்கள்தான். எம்எக்ஸ்-5 2016-இல் பத்து லட்சத்தைத் தாண்டியது. விலையும் ஒரு காரணம், மறுக்கவில்லை. இருந்தாலும் பிடிப்பு வேறு, ஓட்டும் மகிழ்ச்சி வேறு என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டிய ஜோடி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஃப்ரண்ட் வீலைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மினி, ஃபியட் 500சி, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கேப்ரியோலே எல்லாம் அந்த வகைதான். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் கிடையாது, அதைப் பின்னால் கொண்டுபோக நடுவில் நீளமான ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கிடையாது. கூரை மடிந்த பிறகும் டிக்கியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். பராமரிப்பும் எளிது. 150 குதிரைசக்திக்குள் இருந்தால் ஸ்டீயரிங்கிலும் பெரிய தொல்லை இல்லை. 200-ஐத் தாண்டும்போதுதான் அழுத்திய ஆக்சிலரேட்டருக்கு ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பது சில மாடல்களில் தெரியும்.

ஆல் வீல் காரைத்தான் எடுப்பேன் என்றால், அது எந்த வகை என்று கேளுங்கள். ஆடி டிடி ரோட்ஸ்டர் போன்றவை சாதாரண நேரத்தில் பெரும்பாலும் முன்சக்கரத்தால் ஓடும். வழுக்கும்போது கப்ளிங் என்ற இணைப்புப் பாகம் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும். போர்ஷே 911 கரேரா 4 இதற்கு மாறாக, அடிப்படையில் பின்சக்கரக் கார். முன்சக்கரம் துணைக்கு வரும். ஓட்டும்போது இரண்டும் ஒன்றல்ல. பயன்படுத்திய காரில் அந்தக் கப்ளிங்கின் எண்ணெய் மாற்றிய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், பலரும் மறந்துவிடும் வேலை அது. நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். ஒரு டயர் போனால் பல மாடல்களில் இரண்டோ நான்கோ சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

மின்சார கன்வெர்ட்டிபிளில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். எம்ஜி சைபர்ஸ்டரில் பின்சக்கரத்துக்கு ஒரு மோட்டார், அல்லது முன்னும் பின்னுமாக இரண்டு மோட்டார் என இரு வகை உண்டு. நடுவில் ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் இல்லாததால் மேலே சொன்ன எண்ணெய்க் கவலை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்பதைவிட காரின் உடல் எவ்வளவு உறுதி என்பது கன்வெர்ட்டிபிளில் பெரிய விஷயம். மூடியோடு இருக்கும் அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள், மூடியை எடுத்துவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள். அதேதான். கூரையை வெட்டியதை ஈடுகட்ட அடியில் இரும்பு சேர்ப்பார்கள், எடை கூடும். நான்கு இருக்கைக் கார்களில் இது இன்னும் அதிகம். கூரையைத் திறந்து, மேடுபள்ளமான சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். வேகத்தடையைச் சாய்வாக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். முன்கண்ணாடியின் சட்டம் நடுங்குகிறதா, உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி, கதவுகளைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தால் அந்தக் காரை அங்கேயே விட்டுவிடுங்கள், எந்த டிரைவ் ஆனாலும் சரி.

இனி உங்கள் மூன்று கார்கள். ஆல் வீலுக்குத் தரும் கூடுதல் விலைக்கு உங்கள் சாலையில் பெரிய வேலை இல்லை. பனி கிடையாது என்கிறீர்கள். அன்றாட வேலைக்கு வேறு கார் இருப்பதால், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்குமானால் நான் இரண்டு இருக்கை ரியர் வீல் காரையே எடுப்பேன். மிச்சமாகும் பணத்தில் முதல் நாளே நான்கு நல்ல டயர் போட்டுவிடுங்கள். மாதம் இரண்டு முறையாவது பின்னிருக்கையில் ஆள் ஏறுவார்கள் என்றால் மட்டும் ஃப்ரண்ட் வீல். வாங்குவதற்கு முன் அந்தப் பின்னிருக்கையில் நீங்களே பத்து நிமிடம், கூரையை மூடி, உட்கார்ந்து பாருங்கள்.