ஈறில் ஆறாத புண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாய்ப்புண் பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஈறைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தேனியிலிருந்து வந்த கடிதத்துக்கு மட்டும் நிறைய இடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. புற்றுநோயாக இருக்குமா? (சேலம்)

பெரும்பாலும் இருக்காது. காரை படிந்து ஈறு வீங்கியிருக்கும். சுத்தம் செய்தால் பத்துப் பதினைந்து நாளில் அடங்கிவிடும். ஈறு நோய் ஒரே சமயத்தில் பல பற்களைச் சுற்றி இருக்கும். புற்று பெரும்பாலும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே வளரும். சுத்தம் செய்த பிறகும் அதே ஒரு இடத்தில் தொட்டால் ரத்தம் என்றால், மூன்று வாரத்துக்கு மேல் விடாதீர்கள்.

புகைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஈறு கெட்டிருந்தாலும் அவர்களுக்கு ரத்தம் அவ்வளவாக வராது. ரத்தம் வரவில்லை என்பதால் ஈறு நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள்.

வாயில் புண். என்ன மாத்திரை போடலாம்? (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

எத்தனை நாளாக? எந்த இடத்தில்? வலி உண்டா? வயது என்ன? புகையிலை, பாக்கு பழக்கம் உண்டா? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் மாத்திரை பெயர் கேட்டால் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. சொன்னால் அவரை நம்பாதீர்கள். புண் மூன்று வாரத்தைத் தாண்டியிருந்தால் மருந்துக் கடைக்குப் போகாமல் பல் மருத்துவரிடம் போங்கள். கடையில் கேட்டு வாங்கித் தடவும் ஜெல் எரிச்சலைக் குறைக்கும், புண்ணை மறைக்கும், நாளைக் கடத்தும்.

அப்பாவுக்கு 58 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. எக்ஸ்ரே எடுக்காமலே பிடுங்கினார்கள். இரண்டு மாதமாகியும் குழி மூடவில்லை, உள்ளிருந்து சதை வளர்ந்து நிற்கிறது. மூன்றாவது முறையாக ஆண்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா? (தேனி)

பார்க்கக் கூடாது. இதைப் படித்த அன்றே கிளம்புங்கள்.

பல் பிடுங்கிய குழியின் மேல் இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தோல் மூடிவிடும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும், ஆனால் மேலே மூடிவிட வேண்டும். மூடாத குழி, அதிலிருந்து எழும்பும் சதை, தொட்டால் ரத்தம் என்று மூன்றும் சேர்ந்தால், அது புற்று இல்லை என்று நிரூபிக்கும் வரை புற்றாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கிருமித் தொற்றாகவோ வேறு சாதாரணச் சதை வளர்ச்சியாகவோ இருக்க வாய்ப்பு உண்டு. அதைச் சொல்ல வேண்டியது சதைப் பரிசோதனை. ஆண்டிபயாட்டிக்கால் அதைச் சொல்ல முடியாது. புற்றின் மேல் ஒட்டியிருக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்கும்போது வீக்கமும் நாற்றமும் கொஞ்சம் குறையும். குணமாகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்புவார்கள். அந்த நம்பிக்கையில் இரண்டு மாதம் போய்விடும். உங்கள் வீட்டில் நடந்திருப்பதும் அதுவாக இருக்கலாம்.

இது என் பல வருடத்து ஆதங்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஈறுப் புற்று பல் மருத்துவரின் நாற்காலிக்குத்தான் முதலில் வருகிறது. வரும்போது புற்று என்று எழுதி ஒட்டிக்கொண்டு வராது. ஒரு பல் ஆடுகிறது, ஈறு வீங்கியிருக்கிறது, சீழ் மாதிரி வருகிறது என்று சாதாரண ஈறு நோயின் வேடத்தில் வரும். சுற்றிலும் உள்ள பற்கள் உறுதியாக இருக்க, காரையும் அதிகம் இல்லாமல், ஒரே ஒரு பல் மட்டும் ஏன் ஆட வேண்டும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் பல் பிடுங்கும் இடுக்கியைக் கையில் எடுக்கக் கூடாது. ஒரு எக்ஸ்ரேயில் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு அரித்தது போல ஒழுங்கில்லாமல் கரைந்திருப்பது தெரிந்திருக்கும். அதைப் பார்க்காமல் பிடுங்கினால், ஈறோடு நின்றிருக்கக்கூடிய நோய்க்குத் தாடை எலும்புக்குள் போக நாமே வழி திறந்துவிடுகிறோம். பிடுங்கும்போது வேரோடு ஒட்டிவந்த சதையைக் குப்பை வாளியில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. அதை ஃபார்மலின் புட்டியில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பச் சில நூறு ரூபாய் ஆகும். ஒருவரின் தாடையையே அந்தச் சில நூறு ரூபாய் காப்பாற்றலாம்.

நோயாளிகளும் கேட்கப் பழகுங்கள். "இந்தப் பல் மட்டும் ஏன் ஆடுது டாக்டர்?" "எடுத்த சதையை டெஸ்டுக்கு அனுப்புவீங்களா?" இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருவோம். கீழ் உதடும் முகவாயும் மரத்துப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். மரத்திருந்தால் எலும்புக்குள் ஓடும் நரம்பு வரை ஏதோ எட்டியிருக்கிறது என்று பொருள். கழுத்தில், தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றாலும் போகத்தான் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மையம், எது எட்டுகிறதோ அங்கே போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். பயந்து முடங்கவும் வேண்டாம்: பல் குழியை மட்டும் மேலாக அரித்திருந்தால், அதை வைத்தே நாலாம் நிலை என்று கணக்கிடுவதில்லை. எலும்பின் கெட்டியான ஓட்டைத் துளைத்து உள்ளே போயிருக்கிறதா என்பதைத்தான் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

சதையைக் கிள்ளி எடுத்தால் புற்று பரவிவிடும் என்கிறார்கள். உண்மையா? (மதுரை)

இல்லை. பரவாது. ஒவ்வொரு முறையும் இதை எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு மாதம் வைத்தியர் வீடு, மூலிகை என்று அலைந்துவிட்டு, நோய் வளர்ந்த பிறகு "பயாப்ஸி எடுத்ததால்தான் இப்படி" என்கிறார்கள். வளர்த்தது அந்த மூன்று நான்கு மாதம்.

நான் புகையிலை தொடுவதே இல்லை. வெற்றிலையும் பாக்கும் மட்டும்தான். கவலைப்பட வேண்டுமா? (ஈரோடு)

வேண்டும். வெற்றிலையை விடுங்கள், பிரச்சினை பாக்கு. புகையிலை கலக்காத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. பாக்கெட்டில் வரும் வாசனைப் பாக்கும் பாக்குதான்.

பாக்கு வாயின் உள்சதையை நார்நாராக இறுக்கும். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டாலே எரிகிறது என்றால், இறுக்கம் தொடங்கிவிட்டது. அது பழையபடி முழுதாகத் தளராது. ஆனால் இன்றே நிறுத்தினால் மேலும் கெடுவதைக் குறைக்கலாம்.

மேல்நாடுகளில் வாய்ப் புற்று நாக்கிலும் நாக்குக்கு அடியிலும் அதிகம். நம் நாட்டில் கீழ் ஈறும் கதுப்பும் (கன்னத்தின் உட்புறம்) சேரும் இடுக்கில் அதிகம், ஏனென்றால் நாம் அடக்கி வைப்பது அங்கேதான். ஹான்ஸ், மாவா போன்ற வாய்ப் புகையிலை, இப்போது பள்ளிப் பையன்கள் உதட்டுக்குள் செருகும் கூல் லிப், எல்லாம் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் ஊறுகின்றன. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை செய்யப்பட்டவை. இருந்தும் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் வெளுத்த ஈறோடு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

அம்மாவுக்கு 67 வயது. எந்தப் பழக்கமும் கிடையாது. ஈறில் வெள்ளையாகச் சொரசொரப்பாக ஒரு படலம். ஒரு பல்லருகே இருந்தது இப்போது நாலைந்து பல் தூரம் படர்ந்திருக்கிறது. (கோயம்புத்தூர்)

பழக்கம் இல்லை என்பதால் அலட்சியம் வேண்டாம். துணியால் துடைத்தால் வழித்துக்கொண்டு வருவது பூஞ்சை. வராமல் ஒட்டியே இருப்பது வெண்படலம். அதில் படர்ந்துகொண்டே போகும் ஒரு வகை உண்டு. அது வயதான பெண்களுக்கு, எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கு, முக்கியமாக ஈறில் வருகிறது. மெதுவாகப் பரவும், எடுத்தாலும் திரும்ப வரும், பலருக்கு வருடங்கள் கழித்துப் புற்றாக மாறும். ஒரே இடத்தில் சதை எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். தடித்த இடம், சிவந்த இடம் என்று பல இடங்களில் எடுக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க சில மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வெள்ளையைவிட வெல்வெட் போலச் சிவந்த படலம் இன்னும் ஆபத்தானது.

ஏழு மாதக் கர்ப்பிணி. முன்பற்களுக்கு நடுவே சிவப்பாக உருண்டை, தொட்டால் ரத்தம். (நாகர்கோவில்)

கர்ப்ப காலத்தில் வரும் சாதாரணச் சதை வளர்ச்சியாகத்தான் இருக்கும், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் வற்றிவிடும். ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள், அம்மா. எடுக்க நேர்ந்தால் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு ஈறு தடித்துவிட்டது. (விழுப்புரம், இன்னும் இருவர்)

அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இதைச் செய்யும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்; எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். மாத்திரை எதுவும் இல்லாமல், சில வாரத்திலேயே ஈறு முழுதும் உப்பி, காய்ச்சல், சோர்வு, உடம்பில் கன்றிய திட்டுகள் என்று சேர்ந்து வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தப் புற்றுநோய் சில சமயம் ஈறில்தான் முதலில் தெரியும்.

பல்செட் உரசிப் புண்ணாகிவிட்டது. (பல ஊர்கள்)

செட்டைக் கழற்றி வையுங்கள், உரசும் இடத்தை ராவித் தரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் ஆற வேண்டும். ஆறவில்லை என்றால் குற்றம் செட்டில் இல்லை. வருடக்கணக்கில் சரியாக இருந்த செட் திடீரென்று பொருந்தவில்லை என்றாலும், புது செட்டுக்கு அளவு கொடுப்பதற்கு முன் ஈறைக் காட்டுங்கள்.

கணவருக்குக் கீழ் ஈறில் புற்று, சிறியதுதான். தாடை எலும்பிலும் கொஞ்சம் எடுக்க வேண்டும், கழுத்து நெறிகளையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கழுத்தில் ஒன்றும் இல்லையே, எதற்கு? (திருநெல்வேலி)

ஈறு எலும்பின் மேல் நேராக ஒட்டியிருக்கும் மெல்லிய சதை. அதில் வந்த நோயைச் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து எடுக்க வேண்டுமானால், எலும்பின் மேல் விளிம்பையாவது சேர்த்துத்தான் எடுக்க முடியும். ஆரம்ப நிலையில் தாடையின் தொடர்ச்சி அறாமல் எடுத்துவிடலாம். முழுத்துண்டு எடுக்க நேர்ந்தாலும் காலின் சிறு எலும்பை வைத்துத் தாடையைத் திரும்பக் கட்டுகிறார்கள்.

கழுத்தில் கைக்குத் தட்டுப்படாமல், ஸ்கேனிலும் தெரியாமல் நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் ஒளிந்திருக்கலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதை அழுத்தமாகச் சொன்னது. ஆரம்ப நிலை வாய்ப் புற்று நோயாளிகளில், முதலிலேயே கழுத்து நெறிகளையும் எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். நெறி தெரிந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67 சதவீதம் சொச்சம். அதில் பெரும்பாலோர் நாக்குப் புற்று நோயாளிகள். ஆனாலும் ஈறு விஷயத்திலும் அதே வழியைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறோம். உங்கள் மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தைரியமாக ஒப்புக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அறுவைக்குப் பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கச் சொன்னால் ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். எடுக்க வேண்டிய சொத்தைப் பற்களை அதற்கு முன்னாலேயே எடுத்து ஆறவிடுங்கள். கரண்ட் வைத்த தாடையில், எத்தனை வருடம் ஆனாலும், அதைச் சொல்லாமல் பல் பிடுங்கக் கூடாது. எலும்பு ஆறாமல் அழுகிவிடக்கூடும்.

ஈறில் ஒரு கட்டி, வலியே இல்லை. அதனால் பயமில்லைதானே? (கும்பகோணம்)

ஆரம்பத்தில் புற்று பெரும்பாலும் வலிக்காது. வலி வருவது பிந்தி. மூன்று வாரம் கடந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கேன்சரா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லவும். (திருப்பூர்)

படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். விரலால் தொட்டால் அடிப்பகுதி கெட்டியாக இருக்கிறதா, ஓரம் தடித்திருக்கிறதா என்பதில்தான் பாதிச் சேதி இருக்கிறது. படத்தில் அது வராது. நேரில் பார்ப்பதற்குப் பெரிய கருவியும் வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்று இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் அந்த ஆய்வு காட்டியது.

வீட்டிலும் மாதம் ஒருமுறை பாருங்கள். பல்செட்டைக் கழற்றி, கண்ணாடி முன் டார்ச் அடித்து, உதட்டையும் கதுப்பையும் விலக்கி, ஈறின் வெளிப்பக்கம் பாருங்கள். அப்புறம் நாக்குப் பக்கத்து ஈறு, கடைசிப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடம். கண்ணால் பார்த்த பிறகு விரலால் தடவுங்கள். சந்தேகமாக ஏதாவது பட்டால் படம் எடுக்காமல் நேரில் போய்க் காட்டுங்கள். படம் அனுப்பிய மற்றவர்களுக்கும் இதே பதில்தான்.