"இன்னும் எவ்ளோம்மா இருக்குது?" – வீட்டில் படிக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வடசென்னைப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஏரியாவை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. காலை எட்டரைக்கு உட்கார வைத்தால் பன்னிரண்டு மணி வரை கணக்கில் ஒரு பக்கம் தாண்டுவதில்லை. பென்சில் சீவுவான், தண்ணீர் குடிப்பான், "இன்னும் எவ்ளோம்மா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். செல்போன் தருகிறேன் என்றால் மட்டும் மடமடவென்று முடிக்கிறான். இப்போது அதற்கும் பேரம் பேசுகிறான். என்ன செய்வது? – வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அவன் கேட்கும் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் அந்தப் பீரியட் தீர்ந்தது. வீட்டில் மணி கிடையாது. பிள்ளை ஒரு பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால், "நேரம் இருக்குதே, அடுத்த பக்கமும் போடு" என்கிறோம். வேகமாகச் செய்தால் வேலை கூடும் என்பதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பென்சில் சீவுவதுதான் அவர்களுக்கு லாபம். எனவே, அன்றைய பாடம் எது வரை என்பதை முந்தின நாள் இரவே முடிவு செய்யுங்கள். மறுநாள் என்ன ஆனாலும் அதைக் கூட்டாதீர்கள். மற்ற எல்லா வழிகளும் இதற்கு அப்புறம்தான்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வைத்திருக்கிறது. அதாவது நாளுக்கு 4 மணி. ஆசிரியர் ஒருவருக்கு முப்பது பிள்ளைகள் என்ற வகுப்புக்கான கணக்கு அது. அட்டென்டன்ஸ் எடுப்பது, போர்டைப் பார்த்து எழுதுவது, மற்றவர்கள் முடிக்கும் வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லித் தரும்போது, ஒன்பது வயதுக்கு இரண்டு மணி, போனால் இரண்டரை மணி போதும். மூன்றரை மணி நேரம் உட்கார வைப்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

செய்முறை இதுதான். இரவு சாப்பாடு முடிந்ததும் நான்கு துண்டுச் சீட்டு எழுதுங்கள். "கணக்கு படி" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "கணக்கு: பக்கம் 41, முதல் ஆறு கணக்கு", "தமிழ்: ஒரு பத்தியைச் சத்தமாக இரண்டு முறை படித்து, மூன்று வரி சொந்தமாக எழுது" என்று, முடிந்ததா இல்லையா என்பதைப் பிள்ளையே பார்த்துச் சொல்லும்படி இருக்க வேண்டும். இரண்டு பழைய டிபன் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய சீட்டு ஒன்றில், முடிந்த சீட்டு இன்னொன்றில். சீட்டை மாற்றிப் போடுவது அவன் கையாகவே இருக்கட்டும். நான்கும் மாறிவிட்டால் அன்றைய படிப்பு முடிந்தது. மணி பத்தாக இருந்தாலும் சரி, முடிந்தது முடிந்ததுதான். "அதுக்குள்ளயா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், மறுநாள் பென்சில் சீவல் ஆரம்பித்துவிடும்.

முதல் சீட்டு ஐந்து நிமிடத்தில் முடிகிற சுலபமான வேலையாக இருக்கட்டும். கஷ்டமானதை இரண்டாவதாக வையுங்கள், கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஷீட் போட்ட வீடு என்றால் ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்கு மேல் கணக்கு ஓடாது. ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். தண்ணி லாரி வருகிற நேரத்தில் புதுப் பாடம் வேண்டாம். வெளியே குடம் உருளும் சத்தம் கேட்டதும் உங்கள் கவனம் போய்விடும், கூடவே அவன் கவனமும் போகும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் செல்போன் மட்டும் கூடாது. கொடுத்தால் திரும்ப உட்கார வைக்கவே அரை மணி ஆகும்.

குறித்த நேரத்தில் முடியாவிட்டால்? அந்த நேரம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சம் நாளைக்கு முதல் சீட்டு. ஆனால் நாளைய சீட்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். பாக்கியைச் சேர்த்துக்கொண்டே போனால் வார இறுதியில் டப்பா நிரம்பி வழியும், பிள்ளை கை விட்டுவிடும். ஒரே வேலை இரண்டு நாள் மிச்சம் வந்தால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பாடத்தில் எங்கோ புரியாத இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. போன வருடப் புத்தகத்திலிருந்து ஐந்து கணக்கு கொடுத்துப் பாருங்கள். அதைத் தடையில்லாமல் போட்டுவிட்டு இந்த வருடக் கணக்கில் மட்டும் நின்றால், பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைக் கவனியுங்கள். 432-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். 43-ல் எத்தனை 8 என்று தேட வேண்டும். எட்டாம் வாய்ப்பாடு வராத பிள்ளை 8, 16, 24 என்று விரல் விடும். 40-க்கு வந்து சேர்வதற்குள், எத்தனை விரல் மடக்கினோம் என்பது மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து. நாற்பதைக் கழித்து, மீதி 3 பக்கத்தில் 2-ஐ இறக்கி, 32-க்கு மறுபடி விரல். ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம் ஆனால் ஆறு கணக்குக்கு அரை மணி. பார்க்கிறவர்களுக்கு மெத்தனம் போலத் தெரியும். உண்மையில் பிள்ளைக்கு வகுத்தல் தெரிகிறது, வாய்ப்பாடுதான் தெரியவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டை ஓர் அட்டையில் எழுதி நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், பார்த்துப் போடட்டும். வேகம் மாறுவதை அன்றைக்கே பார்ப்பீர்கள். வாய்ப்பாட்டு மனப்பாடத்தைத் தனியாக, சாயங்காலம் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழு நேரமும் பக்கத்திலேயே உட்காராதீர்கள். முதல் கணக்கைச் சேர்ந்து போடுங்கள், எழுந்து அடுப்பங்கரைக்குப் போங்கள், மூன்றாவது முடியும்போது வந்து பாருங்கள். நோட்டை அன்றன்றைக்கே திருத்திவிட வேண்டும். திருத்தாத நோட்டு நான்கு நாள் சேர்ந்தால், யாரும் பார்க்கப் போவதில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். சரிக்கு டிக், தப்புக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி. பெரிய சிவப்புப் பெருக்கல் குறி வேண்டாம். பாராட்டும்போது "நல்ல பையன்" என்பதைவிட, "மூணாவது கணக்குல கடன் வாங்குனத மேல எழுதி வச்சிருக்க பாரு, அதனாலதான் சரியா வந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அதில்தான் அவனுக்குத் தெரிகிறது.

கடைசியாக செல்போன். வேலைக்குக் கூலியாகக் கொடுத்தால் கூலி ஏறிக்கொண்டுதான் போகும். ஒரேயடியாகப் பிடுங்கவும் வேண்டாம். சாயங்காலம் 6 மணி முதல் 6.30 வரை, பாடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் உண்டு என்று பிரித்துவிடுங்கள். முதல் வாரம் அடம், அழுகை எல்லாம் இருக்கும். அந்த வாரம் சீட்டை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பாடம் முடிந்த கையோடு கிடைக்க வேண்டியது கேரம் போர்டு, தெருவில் பந்து, சும்மா இருப்பது.

கேள்வி: என் வீட்டுக்காரர் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். விடியற்காலை வந்து பகலில் தூங்குவார். ஒரே அறை. பிள்ளைகளை எப்போது சத்தம் போட்டுப் படிக்க வைப்பது? – வாசகி, காசிமேடு

பதில்: காலையில்தான் படிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பாடத்தை இரண்டாகப் பிரியுங்கள். எழுதுவது, கணக்கு, படம் வரைந்து பாகம் குறிப்பது எல்லாம் அவர் தூங்கும்போது. வாய்விட்டுப் படிப்பது, வாய்ப்பாடு, ஒப்பிப்பது எல்லாம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மொட்டை மாடியிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ. தினமும் அதே இரண்டு நேரம் என்பதை மட்டும் விடாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரும்போது ஏரியாவே வேறு மாதிரி ஆகிவிடும். பழைய நேரத்தைக் கட்டிப் பிடித்து வீட்டில் சண்டை வளர்க்க வேண்டாம். அந்த இரண்டு மாதத்துக்கென்று தனி நேரம் போடுங்கள். வலை பின்னும் இடத்திலேயே பெருக்கல் கணக்கு இருக்கிறது. ஒரு வரிசையில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, மொத்தம் எத்தனை? பிள்ளை கணக்குப் போட, அப்பா சரிபார்க்கட்டும். அன்றைய கணக்குச் சீட்டுக்குப் பதிலாகவே அது இருக்க வேண்டும். சீட்டும் அப்படியே இருந்து இதுவும் சேர்ந்தால், பிள்ளை அடுத்த நாள் வலைப் பக்கமே வராது.

கேள்வி: பதின்மூன்று வயது மகள். எல்லாவற்றையும் அரை மணியில் முடித்துவிடுகிறாள். நோட்டைப் பார்த்தால் கைடிலிருந்து அப்படியே காப்பி. கேட்டால், "முடிச்சிட்டேன்ல, அப்புறம் என்ன?" – வாசகர், வியாசர்பாடி

பதில்: அவள் கேட்பது நியாயம்தான். "ஐந்து கேள்விக்குப் பதில் எழுது" என்று சொல்லியிருப்பீர்கள், எழுதிவிட்டாள். அளவைக் குறைத்து, முடிவின் தரத்தை மாற்றுங்கள். ஐந்துக்குப் பதில் இரண்டு கேள்வி. பாடத்தைப் படித்து, புத்தகத்தை மூடி, சொந்த வார்த்தையில் நான்கு வரி. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் அவளே சேர்க்க வேண்டும். இதில் காப்பி அடிக்க எதுவும் இல்லை. வேறு நிறத்தில் இருப்பதைப் பார்த்தாலே எது மனதில் நிற்கவில்லை என்பது உங்களுக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

இந்த வயதில் தினமும் நீங்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் எரிச்சல்தான் வரும். ஞாயிறு இரவு இருபது நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். இந்த வாரம் எந்தெந்தப் பாடம் என்பதை நீங்கள் சொல்லுங்கள். எந்த நாள் எது, எந்த வரிசை என்பதை அவள் போடட்டும். புதன்கிழமை ஒரு முறை மட்டும் பாருங்கள். தினமும் எட்டிப் பார்ப்பதாக இருந்தால் அவளிடம் பொறுப்பைக் கொடுத்ததாகவே ஆகாது.

கேள்வி: "எதுக்குப் படிக்கணும், நான்தான் ஸ்கூலுக்கே போகலையே, பரீட்சையா எழுதப் போறேன்?" என்கிறான் பன்னிரண்டு வயது மகன். உண்மையில் பரீட்சை எழுத வழி இருக்கிறதா? – வாசகி, திருவொற்றியூர்

பதில்: இருக்கிறது. அதை அவனிடமே காட்டுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு தேதி கண்ணில் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு உண்டு. பன்னிரண்டரை வயது நிரம்பியிருந்தால் நேரடியாக எழுதலாம். உங்கள் மகனுக்கு அது கிட்டத்தில் இருக்கிறது. அடுத்து, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது முடிந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஒரு மொழி உட்பட ஐந்து பாடத்தில் தேர்ச்சி வேண்டும், பாஸ் மார்க் 33 சதவீதம். ஒரு முறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு பொதுத் தேர்வு. ஒரு பாடத்தில் பாஸ் ஆனால் அது கணக்கில் நிற்கும், மற்றதை அடுத்த முறை எழுதலாம். முதல் முறை அவனுக்குப் பிடித்த இரண்டு பாடம், அடுத்து மூன்று என்று வைத்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும்.

பள்ளிக்குத் திரும்பவே ஆசைப்பட்டால் அந்தக் கதவும் திறந்துதான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களுக்குச் சமமாக வரச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும்.

கேள்வி: பெரியவள் படிக்க உட்கார்ந்தால் ஐந்து வயதுச் சின்னவன் நோட்டை இழுக்கிறான். – வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: ஐந்து வயதுக்கு மொத்தப் படிப்பே அரை மணிதான். அவனை முதலில் முடித்துவிட்டு அக்காவுக்கு வாருங்கள். தட்டில் பரப்பிய அரிசியில் எழுத்து எழுதுவது, சிலேட்டு, புளியங்கொட்டை எண்ணுவது போதும். பெரியவள் அவனுக்குக் கதை படித்துக் காட்டினால், அதையே அவளுடைய அன்றைய தமிழ் வாசிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாளோடு நிறுத்துங்கள். தினமும் தம்பிக்கு டீச்சராக இருப்பது அவள் வேலை கிடையாது.

கேள்வி: மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பத்துப் பதினைந்து நாள் படிப்பு நின்றுபோகிறது. திரும்பத் தொடங்கினால் பிள்ளைகள் உட்காருவதே இல்லை. – வாசகர், கொடுங்கையூர்

பதில்: விட்டுப்போன நாட்களைப் பிடிக்கப் பார்ப்பதால் வருகிற சிக்கல் இது. பதினைந்து நாள் பாடத்தையும் இன்றைய பாடத்தையும் சேர்த்து வைத்தால் எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடும். அந்தப் பதினைந்து நாளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். தொடங்கும் முதல் இரண்டு நாள் இரண்டு சீட்டு மட்டும், அதுவும் ஏற்கெனவே தெரிந்த பாடத்திலிருந்து. மூன்றாம் நாள் மூன்று. நான்குக்கு அடுத்த வாரம் வந்தால் போதும். நடுவில் எந்தப் பாடத்தைத் தாண்டினால் அடுத்தது புரியாது என்று பாருங்கள். பெரும்பாலும் கணக்கில்தான் அப்படி இருக்கும். அதை மட்டும் எடுத்து நடத்துங்கள், சமூக அறிவியலில் ஒரு பாடம் விட்டுப்போனால் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அக்டோபர் பிறந்ததும் புத்தகங்களை பாலிதீன் கவரில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். கீழே அந்தந்த வாரத்துக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். அதையும் மீறி நனைந்துபோனால், தமிழ்நாடு அரசுப் பாடப் புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அந்த வாரத்துக்கு வேண்டிய பத்துப் பக்கத்தை மட்டும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுநாளே தொடங்கலாம்.