குழு ஒப்படை பற்றிக் கேளுங்கள்

வணக்கம். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். பாடங்களுக்கு மதிப்பீட்டுத் திட்டம் போடும் வேலையும் பல வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. இன்றைக்குக் குழு ஒப்படை, அதாவது பல மாணவர் சேர்ந்து ஒரே அறிக்கை செய்து கொடுக்கிற வேலை, பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் ஒன்று: உங்கள் குழுவில் யாராவது வேலை செய்யாமல் இருந்தால் இரண்டாம் வாரத்துக்குள் விரிவுரையாளருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஒப்படைக்கிற நாளுக்கு முந்தின இரவில் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது.

அட்டன், முதலாம் வருடம்: மிஸ், எங்கள் குழுவில் 7 பேர். வேலை செய்தது 2 பேர். எல்லோருக்கும் ஒரே புள்ளி. இது நியாயமா?

நியாயமே இல்லை. ஆனால் அந்த 5 பேரைத் திட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள், 7 பேரை ஒன்றாகப் போட்டு ஒரே புள்ளி என்று அறிவித்த திட்டமும் பிழைதான். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடுகிற பலம் குறைந்துகொண்டே போகிறது, 8 பேர் சேர்ந்து இழுக்கும்போது தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான் வருகிறது. அதில் ஒரு பகுதி எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க முடியாததால் வந்த நட்டம், அதையும் சோம்பல் கணக்கில் போடக்கூடாது. பிறகு 1979இல் லாட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் ஆட்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்துப் பார்த்தார்கள். கூட்டத்தில் இருக்கும்போது ஒவ்வொருவரும் குறைவாகவே கத்தினார்கள். இரண்டு வருடம் கழித்து அதே மூவர், ஒவ்வொருவரின் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் அந்தத் தளர்ச்சி போய்விடுவதைக் காட்டினார்கள். எனக்கு முக்கியம் இந்தக் கடைசி விஷயம்தான். நம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும்போது எல்லோருடைய கொழுந்தையும் ஒன்றாகக் கொட்டி ஆளுக்குச் சமமாக எழுதினால் எந்த அம்மா சம்மதிப்பார்? அவரவர் பெயரில் தனித்தனியாகத்தானே நிறுக்கிறார்கள். குழு 4 பேர், கூடிப்போனால் 5. அதற்கு மேல் போகக்கூடாது.

பண்டாரவளை: அப்படியானால் குழு ஒப்படையே வேண்டாம் என்று விடலாமே?

விடக்கூடாது. ஒரு மலைச்சரிவில் மண்சரிவு அபாயம் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் தனியாகப் போய் அளந்து, மண் எடுத்து, ஆட்களிடம் பேசி, வரைபடம் போட்டு முடிக்க முடியாது. நாளைக்கு வேலையிலும் அது பலர் சேர்ந்து செய்கிற காரியம்தான். பொறியியலில் இதற்கு நிபந்தனையே உண்டு: இலங்கை பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பாகச் சேர்ந்தது, அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் தகைமைகளில் தனியாகவும் குழுவாகவும் வேலை செய்வது ஒன்று. 120 அறிக்கை திருத்துவதற்குப் பதிலாக 30 திருத்தினால் போதும் என்பதற்காகவும் சிலர் குழு ஒப்படை கொடுக்கிறார்கள். வேலைப்பளு உண்மைதான், ஆனால் அதை மட்டும் காரணமாக வைத்து ஒரு பிள்ளையின் ஜிபிஏயைத் தீர்மானிக்கக்கூடாது.

மஸ்கெலியா: சரி, தனித்தனியாக எப்படிப் புள்ளி போடுவது?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் 5க்கு எத்தனை என்று இரகசியமாகக் கொடுக்க வேண்டும், தனக்குத் தானே கொடுக்க விடக்கூடாது. ஒருவர் வாங்கிய கூட்டுத்தொகையைக் குழுவின் சராசரியால் வகுத்தால் அவருடைய காரணி வரும். நால்வரும் முறையே 15, 12, 12, 9 வாங்கினால் சராசரி 12, காரணிகள் 1.25, 1, 1, 0.75. அறிக்கைக்கு 60 புள்ளி என்றால், அதைக் காரணியால் பெருக்க 75, 60, 60, 45 வருகிறது. இது சில இடங்களில் கடுமையாகிவிடும், அதனால் பாதிப் புள்ளியை எல்லோருக்கும் பொதுவாக வைத்து மற்றப் பாதியை மட்டும் இப்படிப் பெருக்குவேன். அப்போது 67.5, 60, 60, 52.5. இதைச் செய்ய மென்பொருள்களும் உண்டு, இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ அதில் ஒன்று. எக்செல் தாள் ஒன்றிலேயே முடிந்துவிடும், பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் இந்த விதியை ஒப்படை கொடுக்கிற நாளிலேயே அறிவித்துவிட வேண்டும்.

பதுளை: கூட்டாளிகள் பேசிவைத்து எல்லோருக்கும் 5 போட்டால்?

போடுவார்கள். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரி காரணம் எழுதச் சொல்லுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் யார் எப்போது எதை எழுதினார்கள் என்பது பதிவாகும். அதற்கும் மேலாக, ஆளுக்கு 5 நிமிடம் வாய்மொழிக் கேள்வி. அறிக்கையைத் தொடாதவர் அங்கே தெரிந்துவிடுவார். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: மற்றவர்களின் மொழி பேசாத ஒரு பிள்ளைக்கு மூன்று பேரும் 2 போட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்கும் முன் விரிவுரையாளர் விசாரிக்க வேண்டும்.

கண்டி: நாளைக்கு ஒப்படைக்க வேண்டும், ஒருவர் ஒன்றுமே செய்யவில்லை, என்ன செய்ய?

இரண்டாம் வாரம் என்று முதலிலேயே சொன்னேன். இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான், எந்தப் பகுதியை யார் எழுதினார் என்ற அட்டவணையைக் கடைசிப் பக்கத்தில் சேருங்கள்.

நானுஓயா: மகாபொல புலமைப்பரிசில் பணம் இன்னும் வரவில்லை மிஸ்.

அது எனக்குரியது இல்லை தங்கச்சி, உங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலன் பிரிவில் கேளுங்கள்.

வெலிமடை: எனக்கு இங்கிலிஷ் குறைவு. குழுவில் முன்பக்கம் செய்வதும் பிரிண்ட் எடுப்பதும்தான் எனக்குத் தருகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, உங்கள்மேல் இல்லை. முதல் கூட்டத்திலேயே தரவு சேகரிப்பையோ கணக்கையோ எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள். தமிழில் எழுதி முடித்துவிட்டு அப்புறம் இங்கிலிஷில் மாற்றுங்கள், திருத்த யாரிடமாவது கொடுங்கள். மொழியைத் திருத்துவது சின்ன வேலை, பாடத்தை விளங்கிக்கொள்வதுதான் பெரியது. பிரிண்ட் எடுத்தே நான்கு வருடம் போய்விட்டால் பட்டம் கையில் இருக்கும், பாடம் இருக்காது.

தலவாக்கலை: மிஸ், நீங்கள் சொல்வதெல்லாம் காட்டிக்கொடுப்பது. எங்கள் குழுத் தம்பி அம்மாவுக்குச் சுகமில்லை என்று வாராவாரம் தோட்டத்துக்குப் போகிறான், லயத்தில் கவரேஜும் இல்லை. நாங்கள் அவன் பெயரைப் போடுகிறோம். இதில் என்ன பிழை?

அந்த மனசு பிழை இல்லை. ஆனால் நீங்கள் மூன்று பேரும் அவனுடைய கஷ்டத்தை மறைத்து வைத்திருக்கிறீர்கள். விரிவுரையாளருக்குத் தெரிந்தால் கால அவகாசம் தரலாம், இணையம் தேவைப்படாத பகுதியைக் கொடுக்கலாம்.

பொகவந்தலாவை: தலவாக்கலைக்காரர் சொல்வதுதான் சரி. நாங்கள் ஒருவரை ஒருவர் தூக்கிவிடாமல் வேறு யார் தூக்குவார்கள்?

தூக்குங்கள். பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள், நோட்ஸ் கொடுங்கள், பஸ் காசு கொடுங்கள். வாங்காத புள்ளியைக் கொடுத்தால் பரீட்சை மண்டபத்தில் அவன் தனியாகத்தான் உட்காருவான்.

அட்டன், இறுதி வருடம்: நான் அப்படிப் பெயர் போட்டுக் காப்பாற்றப்பட்டவன். எனக்கு அந்த உதவி இல்லாவிட்டால் படிப்பை விட்டிருப்பேன்.

உங்கள் கூட்டாளிகளுக்கு நன்றி சொல்கிறேன், உண்மையாகவே. ஆனால் நல்ல கூட்டாளி கிடைக்காத பிள்ளை விட்டுப் போய்விட்டதே, அதற்கு யார் பொறுப்பு? அதனால்தான் இதைக் கூட்டாளிகளின் நல்ல மனசிடம் விடாமல் திட்டத்திலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

தலவாக்கலை: விரிவுரையாளர் முடியாது என்றால்?

துறைத் தலைவர், அங்கேயும் சரிவராவிட்டால் சிரேஷ்ட மாணவர் ஆலோசகர். திகதி போட்டு எழுதிக் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியின் சம்மதம் இல்லாமல் வீட்டு விஷயத்தை எழுத வேண்டாம், அவனையே எழுத வையுங்கள், நீங்கள் கூடப் போங்கள்.

பெயர் போடாதவர்: எங்கள் குழுவிலும் ஒருவர் வேலை செய்வதில்லை...

மேலே இருக்கிறது. தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர், பேராதனை: பாடத்தின் மொத்தப் புள்ளியில் குழு ஒப்படைக்கு எத்தனை வீதம் கொடுப்பது சரி?

நான் 20ஐத் தாண்டமாட்டேன். நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் படிப்புக்குச் செலவிடும் 50 மணி நேரம், 3 கிரெடிட் பாடம் 150. அதில் 20 வீதம் ஆளுக்கு 30 மணி நேரம், கூட்டங்களும் அதற்குள்ளேயே. ஒப்படையை அந்த அளவுக்கு வெட்டுங்கள். குழுவைப் பிள்ளைகளே தெரிவு செய்ய விட்டால் கடைசியில் யாரும் கூப்பிடாத நான்கு பேர் ஒரு குழுவாகிவிடுவார்கள், ஆகவே நீங்களே பிரியுங்கள். இரண்டாம் வாரம் ஒவ்வொரு குழுவையும் 10 நிமிடம் கூப்பிட்டுப் பாருங்கள்.