துருவக்கரடி அல்லாத வெள்ளைக் கரடி உண்டா?

வெள்ளை நிறக் கரடி என்றாலே துருவக்கரடிதானா, வேறு வகை இருக்கிறதா, இருந்தால் அதைப் பாதுகாக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கிரேட் பேர் மழைக்காட்டில் வாழும் கெர்மோட் கரடி அமெரிக்கக் கறுங்கரடியின் ஓர் உள்ளினம். அவற்றில் பெரும்பாலானவை கறுப்பாகவே இருக்கும். மிகச் சில மட்டும் பாலேடு போன்ற வெண்மையுடன் பிறக்கின்றன. பிரின்சஸ் ராயல், கிரிபெல் ஆகிய தீவுகளில் இவற்றைக் காணும் வாய்ப்பு அதிகம். மூக்கும் கண்களும் கருமையாகவே இருப்பதால் இது உடலில் நிறமியே உருவாகாத வெளிறல் நிலை அன்று. ரோமத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே காரணம். அம்மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் குட்டி வெள்ளையாகும். அதனால் கறுப்புத் தாய்க்கும் கறுப்புத் தந்தைக்கும்கூட வெள்ளைக் குட்டி பிறக்கக்கூடும்.

என்னை மிகவும் ஈர்த்தது இக்கரடிகள் மீன் பிடிக்கும் விதம். இலையுதிர்காலத்தில் சால்மன் மீன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஓடைகளுக்குள் ஏறி வரும்போது, பகல் வேளையில் வெள்ளைக் கரடிகள் கறுப்புக் கரடிகளைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் வெற்றியுடன் மீன் பிடிப்பதை விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நீருக்கடியிலிருந்து அண்ணாந்து பார்க்கும் மீனுக்கு, மேகம் கவிந்த வானத்தின் பின்னணியில் வெள்ளை உருவம் எளிதில் புலப்படுவதில்லை என்பது அவர்களின் விளக்கம். இரவில் இந்த அனுகூலம் இல்லை. பிடித்த மீனைக் கவ்விக்கொண்டு கரடி மரங்களுக்கிடையே சென்றுவிடுகிறது; மீன் மிகுந்திருக்கும் நாட்களில் மூளையையும் முட்டையையும் மட்டும் தின்றுவிட்டு மற்றதை அங்கேயே போட்டுவிடும். அது மட்கி, கடலிலிருந்து வந்த நைட்ரஜன் கரையோரத்து மரங்களின் வேர்களைச் சேர்கிறது. இந்தக் காட்டையும் கடலையும் தனித்தனியாகக் காப்பாற்ற முடியாது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, 2016-இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி அங்குள்ள காட்டில் 85 விழுக்காடு மரவெட்டிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் அப்பகுதியின் தொல்குடிகளான கிட்டாசூ, கிட்காட் மக்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து, முள்கம்பியில் சிக்கிய கரடி முடிகளைச் சேகரித்து ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு கவலை தருகிறது. வெண்மைக்குரிய மரபணு முன்பு கணித்ததைவிடப் பாதியளவு வரை அரிதாக இருக்கக்கூடும் என்றும், அது செறிந்திருக்கும் இடங்களில் ஏறக்குறைய பாதி, பாதுகாக்கப்பட்ட எல்லைக்கு வெளியே கிடக்கிறது என்றும் அது காட்டியது.

வெள்ளைக் கரடியைச் சுடுவது அங்கே நெடுங்காலமாகவே தடைசெய்யப்பட்டிருக்கிறது. எனினும் அந்த மரபணுவைச் சுமந்து திரியும் கறுப்புக் கரடியைச் சுட்டால், பிறந்திருக்கக்கூடிய வெள்ளைக் குட்டிகளும் அதோடு இல்லாமற்போகும். இதை அந்த மக்கள் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்ன பிறகே, 2022-இல் அவர்களின் நிலப்பகுதியில் 8,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் கறுங்கரடி வேட்டையையும் மாகாண அரசு நிறுத்தியது. என் பார்வையில், மரவெட்டுத் தடையைப் போலவே இன்றியமையாத முடிவு இது.